உள்ள காத்து இருக்கு

அவர் எதன் மேலும் சட்டென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியாக இருந்தாலும் முதலில் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். டீக்கடையில் மணல்மேல் போட்டிருக்கும் பலகையை ஒரு காலால் மிதித்து, அது ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவார். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால், சாப்பிடுவதற்கு முன்னால் சோற்றைக் கரண்டியின் முதுகால் நாலு பக்கமும் அமுக்குவார். பக்கத்தில் சாப்பிடும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

"உள்ள காத்து இருக்கு" என்பார் அவர், சிரிக்காமல்.

எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு சொல்தான். யாராவது தேவைக்கு மேல் உறுதி கொடுத்துவிட்டுப் போனால், அந்த ஆள் கண்ணை விட்டு மறைந்ததும் "உள்ள காத்து இருக்கு." புதிதாகக் கட்டிய சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, அதே சொல். ஒரு கூட்டத்தில் யாரோ ஒரு தலைவர் மைக்கில் பேசியதை அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, நடக்கத் தொடங்கும்போதும் அதையேதான் சொன்னார்.

எல்லோரும் அவரைக் கம்பி அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அது ஒரு காகிதத்தில் என் பொருட்டு ஏறியிருக்கிறது. இங்கேயும் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி தனியாக வருவதில்லை. சுரங்கத்துக் கல்லும் கூடவே வரும். பலகை பலகையாக உரியும் கறுப்புக் கல், தூள், எதற்கும் உதவாத சேறு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைப் பொறுக்கி ஒதுக்குவார்கள். ஒதுக்கிய கழிவை லாரியில் ஏற்றி, உப்பளங்களை ஒட்டியிருந்த தாழ்ந்த உவர்நிலத்தில் நிரப்ப வேண்டும். அந்த வேலையை எடுத்திருந்த கம்பெனியில்தான் அவர் மேற்பார்வை. நானும் அங்கேதான் இருந்தேன்.

கொட்டுவது எளிது. ஆனால் அந்தக் கல்லுக்குள் கரி கொஞ்சம் மிச்சம் இருக்கும். இடைவெளி விட்டுக் குவித்தால் காற்று உள்ளே புகுந்து, யாரும் தீ வைக்காமலே அது தானாகச் சூடேறும். மாதக்கணக்கில் உள்ளுக்குள் கனிந்துகொண்டிருக்கும். பெருமழை பெய்தால் பக்கவாட்டில் சரியும். அதனால் ஒரு அடிக்கு மேல் போகாமல் பரப்பி, அளவாகத் தண்ணீர் தெளித்து, ரோலரை எட்டு முறை ஓட்டி இறுக்க வேண்டும். ஓரங்களைக் களிமண்ணால் மூட வேண்டும். அடிவாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த அடுக்கு.

ஒவ்வொரு அடுக்கும் இறுகியிருக்கிறதா என்று சோதித்து எழுதுவது என் வேலை. அடுக்கில் ஒரு சிறு குழி தோண்டி, எடுத்ததை நிறுத்து, அந்தக் குழியில் உலர்ந்த மணலை ஊற்றி அளப்பேன். எடையையும் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் இறுக்கம் தெரியும். போதுமென்றால் நோட்டில் எழுதிக் கையெழுத்து. போதாதென்றால் ரோலர் திரும்ப வரும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பி.எஸ்ஸி. படித்துவிட்டு, பக்கத்துச் சிற்றூரான புதுக்கோட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன்.

அவரோ நோட்டை நம்பிச் சும்மா இருப்பவர் அல்ல. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே மேட்டின் மேல் ஏறி, அதை ஓரிடத்தில் செருகி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு உருவி, அதன் முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கையில் ஏன் பார்க்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன்.

"கை காய்ச்சுப்போச்சு தங்கச்சி. அதுல ஒண்ணும் தெரியாது. கன்னத்துலதான் தெரியும்."

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும் நேரம் ஏழு மணி இருக்கும். உப்பளத்து வெள்ளையும் வானத்து வெள்ளையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று தெரியாது. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வானம் கிடக்கும். நடுவே கறுப்பு மேடு மட்டும் எதன் மேலும் ஊன்றாமல் மிதப்பதுபோல் இருக்கும். அதன் மேல் ஒருவர், கன்னத்தில் கம்பியை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இப்போது நினைத்தால் அதை நான் தினமும் பார்த்தேனா, ஒருநாள் பார்த்ததை அத்தனை நாளுக்குமாக நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் அவியும் பயறு போலவும் வெடிமருந்து போலவும் ஒரு லேசான வாடை. அது வந்துவிட்டால் அவர் முகம் மாறிவிடும். வாடை வந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

ரோலர் எட்டு முறை ஓடியதா என்று எண்ணுவதற்குச் சட்டைப்பையில் எட்டுச் சிப்பி ஓடுகள் வைத்திருந்தார். கரையில் பொறுக்கியவை, உட்புறம் முத்துப் பளபளப்பு இருக்கும். ஒருமுறை ரோலர் போய்த் திரும்பினால் ஒரு ஓடு இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும். ஒருநாள் கம்பெனி மானேஜர் ஜீப்பில் வந்து இறங்கி, "அண்ணாச்சி, எட்டுக்கு ஆறு போதும். டீசலும் மிச்சம், டயமும் மிச்சம். யார் பார்க்கப் போறா?" என்றார். இவர் இடது பையில் மிச்சமிருந்த இரண்டு ஓடுகளை எடுத்து மானேஜர் கையில் வைத்தார். மானேஜர் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ரோலர் இன்னும் இரண்டு முறை ஓடி முடித்ததும், இவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கே வந்துவிட்டார். முந்தின நாள் நான் மறந்து வைத்த குடையைக் கொண்டுவந்திருந்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. பின்கட்டில் அடுக்கியிருந்த சீனி மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. அந்த மூட்டை வரிசை சரிஞ்சிரும்."

"மூணு மாசமா அப்படித்தான இருக்கு. சரியலயே" என்றார் அப்பா.

"மூணு மாசமா சரியத்தான் செய்யுது. உங்களுக்குத் தெரியல."

பிறகு நடந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்பின் அறியாத இரண்டு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மூட்டைகளை இறக்கி ஏற்றினார்கள். கலர் சூடேறிப் போனது. அவர் போன பிறகு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மனுசன். ஆனா இந்த ஆளு பக்கத்துல இருந்தா நமக்கு நிம்மதியா ஒரு இடத்துல உக்கார முடியாது போல."

அவருக்கு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஊர். இருபது வயதில் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பியவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் ஓர் அக்கா, அக்காவுக்குக் கொஞ்சம் வயல். ஐப்பசி நடவுக்கு மட்டும் நாலு நாள் லீவு போட்டுப் போய் வரப்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருவார். அவர் மிதித்து வைத்த வரப்பில் நண்டுகூட வளை தோண்டாது என்று அவர் ஊர்க்காரன் ஒருவன் சொன்னான்.

அந்த நாலு நாளில்தான் எல்லாம் நடந்தது.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் கரி இறக்கக் காத்திருந்தது. கரி பொறுக்கும் இடத்தில் கழிவு மலைபோல் சேர்ந்துவிட்டது. அவர் பஸ் ஏறிய அன்றே மானேஜர் மேற்குப் பக்கத்தில் லாரிகளை உச்சிக்கே ஏற்றி, மேலேயிருந்து சரித்துக் கொட்டச் சொன்னார். பெரிய கல்லெல்லாம் அடிக்கு உருண்டது. சின்னது மேலே தங்கியது. அப்படிக் கொட்டினால் அடியில் வழி திறந்துவைத்த மாதிரிக் காற்று ஏறும் என்று எனக்கே தெரியும்.

"நாளைக்கு ரோலர் விட்டுச் சரி பண்ணிரலாம். நீ எழுதிரும்மா" என்றார் மானேஜர்.

முதல் நாள் எழுதவில்லை. இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மா காலையிலேயே பூ வாங்கி நனைத்து வைத்திருந்தாள். நான் நோட்டைத் திறந்து, போன வாரத்து அளவுகளைப் பார்த்து, மூன்று நாளுக்குமாக அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ் கிடைக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன்.

வந்தவர்களுக்கு என்னைப் பிடித்திருந்தது.

அவர் லீவு முடிந்து வந்தபோது மேற்குச் சரிவின் மேல் களிமண் பூசியாகிவிட்டது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நாலு நாள்ல இவ்வளவு ஏறிட்டா? நீ பாத்தியா தங்கச்சி?"

"பார்த்தேன் அண்ணாச்சி."

"அப்பம் சரி."

எதையும் அழுத்திப் பார்க்காமல் நம்பாத மனிதர், என் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பியைக் கிழக்குப் பக்கம்தான் கொண்டுபோனார். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இதைத்தான் என்னால் இன்றுவரை யாருக்கும் விளங்கச் சொல்ல முடியவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அவர் மேற்குச் சரிவின் மேல் நிற்பதைப் பார்த்தேன். கன்னத்தில் கம்பியை வைத்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பினார். மறுபடியும் செருகி, உருவி, வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கி நேராக என்னிடம் வந்தார். கன்னத்தில் ஒரு சிவந்த கோடு இருந்தது.

"மேக்க நீ குழி தோண்டிப் பாத்தியா?"

"இல்லை" என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தச் சொல்லையாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எத்தன நாள் லோடு மேல இருந்து கொட்டினாவ?"

"மூணு நாள். ராத்திரியும் கொட்டினாங்களாம்."

தலையை ஆட்டிக்கொண்டு மானேஜரின் தகரக் கொட்டகைக்குப் போனார். மானேஜர் டாங்கர் லாரி கொண்டுவந்து தண்ணீர் பீய்ச்சி அணைத்துவிடலாம் என்றார்.

"தண்ணி ஊத்தினா உள்ள ஆவியாகி வெடிக்கும். சரிவும் கரைஞ்சு வந்துரும்" என்றார் இவர். "மேல இருந்து எடுக்கணும். எடுத்ததைச் சமதரையில மெல்லிசாப் பரப்பி ஆறவிடணும். ஆறினதுக்குப் பெறகு அடுக்கடுக்கா வைக்கணும். வேற வழி கெடையாது."

"அதுக்கெல்லாம் எங்க டைம் இருக்கு?"

இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்த் தோண்டத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் அவர் மட்டும்தான். பிறகு ரோலர் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு ஏறினார். கரி பொறுக்கும் பெண்கள் கூடையோடு வந்தார்கள். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை சுமந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தோண்டத் தோண்ட நீல நிறத்தில் புகை எழுந்து, துறைமுகத்திலிருந்தே தெரிய ஆரம்பித்ததும் மானேஜர் பயந்துபோய் ஒரு இயந்திரத்தை அனுப்பிவைத்தார்.

ஒன்பது நாள் அந்த வேலை நடந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரே நாளாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சமதரையில் பரப்பிய கல் வெந்த வாடையோடு ஆறிக்கொண்டிருக்கும். அதன் மேல் அனல் அலையாடும். அந்த அலைக்கு அந்தப் பக்கம் நடப்பவர்கள் இடுப்புக்குக் கீழே இல்லாதவர்கள் மாதிரி வருவார்கள். வடகிழக்கில் மேகம் ஏறுவதும் கலைவதுமாக இருந்தது. உப்பளத்துக்காரர்கள் உப்புக் குவியல்களுக்குப் பனையோலை வேய்ந்து முடித்துவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் எல்லோரும் தள்ளி நிழலில் இருக்க, அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தரையை மிதித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"வடக்க எனக்கு என்ன வேலன்னு உனக்குத் தெரியுமா தங்கச்சி? சுரங்கத்துக் கல்லைத் தொட்டிவண்டியில உச்சிக்கு இழுத்துட்டு வருவாவ. நான் மேல நின்னு கவுத்துவிடணும். ஏழு வருசம் கவுத்தேன். கீழ எப்படி விழுதுன்னு ஒருநாள் குனிஞ்சு பாத்ததில்ல."

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன்.

"அடிவாரத்துல ஆளுக குடியிருக்க ஒரு வரிசை வீடு. அதுல ஒரு வீட்டுல எனக்கு ரொட்டி போடுவாவ. புருசன், பொஞ்சாதி, ரெண்டு பிள்ளைய. அந்தப் பிள்ளைய என்னை மதராசி மாமான்னு கூப்பிடும்."

"பிறகு?"

"ஒரு மழைக்கு மேடு அந்த வீட்டு மேல வந்துட்டு." அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். "என்ன யாரும் ஒண்ணும் கேக்கல. கொட்டச் சொன்னாவ, கொட்டினேன். தோண்டி எடுக்கையில நானும் நின்னேன். உள்ள பூரா பொள்ளல். கை போற அளவு பொள்ளல். ஏழு வருசமா நான் காத்தத்தான் குவிச்சிருக்கேன்."

எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சொன்ன ஆறுதலா அது, கண்டனமா என்று அப்போதும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஒன்பது நாளில் சூடேறிய இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டோம். ஆனால் சரிவின் அடிப்பக்கம் முழுக்கத் தளர்வாகவே மிச்சம் இருந்தது. அதற்குக் கீழே வாய்க்காலைத் தாண்டி உப்பளத் தொழிலாளர்களின் குடிசைகள் பதினொன்று. பத்தாம் நாள் காலையில் வானம் கடல்மேல் இறங்கிக் கிடந்தது. அவர் கம்பியை எடுத்துக்கொண்டு குடிசைகளுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"எல்லாரும் உப்புக் கொட்டகைக்குப் போயிருங்க. இந்த மழை முடியட்டும்" என்றார்.

உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் முன்னின்று பேசுகிற ஒருத்தி வாசலில் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாங்க இங்கன எத்தன மழை பாத்திருக்கோம். கல்லுமேடுதான? அது எங்கள என்ன செய்யும்?"

"கல்லு செய்யாதும்மா. கல்லுக்கு நடுவுல உள்ளதுதான் செய்யும்."

"அடுப்புல கஞ்சி கெடக்கு. போங்க."

அவர் வாய்க்காலைத் தாண்டிப் போய்ச் சரிவின் அடியில் கம்பியைச் செருகினார். அழுத்தவே தேவையில்லாமல் அது கையளவு மிச்சம் விட்டு முழுக்க உள்ளே போனது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். சலித்துக்கொண்டே வந்தவளிடம், "நீயே உருவு" என்றார். அவள் ஒரு கையால் இழுத்தாள். கம்பி வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. வந்த துளையிலிருந்து வெதுவெதுப்பான ஒரு மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவள் பின்வாங்கினாள். துளையையே சற்று நேரம் பார்த்தாள்.

"ஏளா, பிள்ளையளத் தூக்குங்க" என்று குடிசைகளைப் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை. ஆனாலும் பதினொரு குடிசைக்கும் அது கேட்டது.

மழை பதினொரு மணிக்குப் பிடித்தது. இரண்டு மணி வாக்கில் நாங்கள் எல்லோரும் உப்புக் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மேற்குச் சரிவு அசைந்தது. பெரிய சத்தம் கேட்டது என்றுதான் மற்றவர்கள் சொல்கிறார்கள். என் நினைவில் சத்தமே இல்லை. படுக்கையில் புரண்டு படுப்பவரைப்போல மேடு ஒருக்களித்தது. மழைக்குள் வெள்ளையாக ஆவி எழுந்தது. கறுப்பு மெதுவாக, அவசரமே இல்லாமல் வாய்க்காலைத் தாண்டி, குடிசைகளுக்குள் நுழைந்து, அவற்றைத் தூக்கிக்கொண்டு பாத்திகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஓலை மூடிய உப்புக் குவியல் ஒன்று அதன் நடுவில் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஒரு ஆடு போயிற்று. ஒரு சைக்கிள், பானைகள், ஒரு கல்யாணப் புடவை. ஆட்களில் யாருக்கும் ஒன்றுமில்லை. அந்தப் பெண் பிள்ளைகளை மறுபடி மறுபடி எண்ணினாள். அவர் கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விசாரணை. மேலிடத்திலிருந்து வந்த பெரிய இன்ஜினியர் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டினார். மானேஜரும் அண்ணாச்சியும் நானும் எதிரே நின்றோம்.

"மேற்குப் பக்கத்து மூணு நாள் ரீடிங்கும் அதுக்கு முந்தின வாரத்து ரீடிங்கும் புள்ளிகூட மாறாம ஒண்ணா இருக்கே. இது எப்படி?" என்றார் இன்ஜினியர்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடுவதாகத்தான் வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தேன்.

"நான் சொல்லித்தான் சார் எழுதிச்சு" என்றார் அவர். "நான் ஊருக்குப் போற அவசரத்துல, பழைய அளவையே போட்டு வை, வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாக்கல. தப்பு என் பேர்லதான்."

மானேஜர் வேகமாகத் தலையாட்டினார். அவருக்கு அது வசதியாக இருந்தது.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

கொட்டகைக்கு வெளியே ஈரக் கல்லிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. தை மாதத்துக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்தார்கள். நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் பெயரை எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே அவர் வேலை போயிற்று.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஸ்ரீவைகுண்டம் பஸ் இன்னும் வரவில்லை. ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க? நான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதான் முந்திக்கிட்டேன்."

"எனக்காக நீங்க ஏன்..."

"உனக்காக இல்ல தங்கச்சி." அவர் குரலில் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. "மேக்கச் சரிவை நாளைக்குத் திரும்ப வைப்பானுவ. மானேசரும் அவனேதான் இருப்பான். உன்ன அனுப்பிட்டா உன் எடத்துக்குப் புதுசா ஒருத்தர வைப்பானுவ. ஒருநாள் அவனுக்கும் எங்கயாவது அவசரமாப் போகவேண்டி வரும். எழுதுன்னு சொல்லுவானுவ, எழுதுவான். அவனுக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் தெரியும். நீ ஒரு தடவ செஞ்சிட்ட. இனிமே உன்னால செய்யமுடியாது. நீ அங்கன இருக்கணும்."

"நீங்களும் இருக்கணும்ல அண்ணாச்சி?"

"ரெண்டு பேருல ஒருத்தரத்தான் இருக்க விடுவானுவ. எனக்கு வயசாச்சு. நீ ரொம்ப நாள் இருப்ப."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் கையை அசைத்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வெயில் கண்ணாடியில் பட்டு, பஸ் திரும்பும்வரை அந்தப் பக்கமே பார்க்க முடியாமல் இருந்தது. பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஆத்தூர்ப் பக்கம் யார் வீட்டிலோ இருந்து இறந்துபோனதாக வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டேன். என் கணவரிடம்கூட இதையெல்லாம் நான் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் மேற்குச் சரிவில் முதல் அடுக்குப் பரப்பியிருந்தார்கள். ரோலர் ஓடி முடிந்திருந்தது. நான் குழி தோண்டி, நிறுத்து, மணல் ஊற்றி அளந்தேன். போதவில்லை. மிகக் கொஞ்சம்தான் குறைவு.

மானேஜர் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, ஓகே தானே? கப்பல் வெளியே நிக்குது."

"காணாது சார். திரும்ப ஓட்டணும்."

"எவ்வளவு குறையுது?"

சொன்னேன்.

"அது ஒரு குறைச்சலா? எழுதும்மா."

நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ரோலர் ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்து என்னைப் பார்த்தார், மானேஜரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு அவர் எஞ்சினை முடுக்கி, வண்டியைத் திருப்பினார். அது போய்த் திரும்பி, போய்த் திரும்பி வரும்வரை மானேஜரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

புதிதாக ஒரு குழி தோண்டி, முதலிலிருந்து எடை போட்டேன். இன்னும் ஒரு இழை குறைந்தது.

"இன்னொரு தடவை" என்றேன்.